பாயிண்ட்

அவிநாசி ரோட்டு ஹாரன் சத்தம்
இந்த அறைக்குள் வராது.
குளிர், இரண்டு திரை, ஆறிப்போன காபி.
மவுஸைப் பிடித்துக் கட்டிகளின் ஓரம் வரைகிறேன்,
ஒரு கல்லீரலுக்கு எண்பது துண்டு,
இருநூற்றுப் பன்னிரண்டு கல்லீரல்.
பேர் கிடையாது, எண்தான்.
ஆனால் ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கட்டத்திலும்
பதில் எழுதியாகிவிட்டது:
கேட்டது. கேட்கவில்லை.

மருந்துக்குக் கேட்குமா என்பது நம் பேச்சு,
கட்டிக்கும் காது இருப்பதுபோல.

சாயம் ஏற்றிய முப்பத்தைந்தாவது நொடியில்
கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும்.
இன்னும் கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் வெளுக்க
அது கறுக்கும்.
வாய்க்காலில் கள்ள மடை வெட்டியவன் வயல்,
முதலில் நனைந்து முதலில் காய்வது.
சிகிச்சை, சொல்வதற்கு எளிது:
தொடை வழியாகப் போய் மருந்தோடு அந்த மடையை அடைப்பது.
அடைத்தால் வாடுமா என்று
முன்னாலேயே சொல்லத்தான் இந்த மாடல்.

பேரோடு வந்தவர் ஒருவர்.
ராக்கியண்ணன், அறுபத்தொன்று, திருச்செங்கோடு.
போர்வெல் லாரி இரண்டு,
ஒன்று சத்தீஸ்கரில் நிற்கிறது.
ஈரோட்டில் எடுத்த படத்தைப் பார்த்து மாடல் சொன்னது:
பாயிண்ட் மூணு ஒண்ணு.

"பாயிண்ட்டுங்களா?" சிரித்தார்.
"எங்க தொழில்லயும் பாயிண்ட் பார்க்கறவங்க உண்டுங்க அம்மிணி.
தேங்காய உள்ளங்கையில படுக்க வெச்சுக்கிட்டு நடப்பாங்க,
எந்திரிச்சு நின்னா எடம் அதுதான்.
ஆயிரத்தி நூறு அடி. வெறும் புழுதி.
அடிக்கு இத்தனைன்னு நான் காசு வாங்கிட்டேன்.
தேங்காக்காரரு அன்னிக்கே பஸ் ஏறிட்டாரு."

மகள் கோகிலவாணி சிரிக்கவில்லை.
பைலை மடியில் இறுக்கிக்கொண்டு,
"முப்பத்தொண்ணுன்னா செலவு பண்ணறது வீணுங்களா?" என்றாள்.
அப்படி இல்லை என்றேன்.
பின் எப்படி என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

அன்றிரவு, மாடல் எங்கே பார்க்கிறது என்று
வண்ணம் பூசிப் பார்த்தேன்.
கட்டிமேல் லேசாக மஞ்சள்.
சிவப்பெல்லாம் படத்தின் அடியில்,
நோயாளி படுத்திருந்த பலகையின் வளைவில்.

ஈரோட்டுப் பழைய மெஷினின் பலகை.
அங்கே எடுத்த படங்கள் பெரும்பாலும்
முற்றிய பிறகு வந்தவர்களுடையவை,
கேட்காதவர்களுடையவை.
ஏழு மாதம் நான் ஓரம் வரைந்து வரைந்து பழக்கியது
கல்லீரலைப் படிக்கவே இல்லை.
எந்த ஊருங்க, என்ன கூட்டமுங்க என்று
ஆளை அளக்கும் கல்யாண மண்டபத்துப் பழக்கம்
இதற்கு எங்கிருந்து தொற்றியது?
என்னிடமிருந்தா?

பலகையை எல்லாப் படத்திலும் வெட்டி எறிந்துவிட்டு
முதலிலிருந்து பழக்கினேன். மூன்று ராத்திரி ஓடியது.
பாயிண்ட் அஞ்சு ரெண்டு.
அதாவது, தெரியாது.
இரண்டு தசமத் துல்லியத்தில் தெரியாது.

டாக்டரிடம் போனேன்.
"நீங்களே சொல்லிருங்க" என்றார்.
போனில் முதலில் கம்ப்ரஸர் இரைச்சல்,
அப்புறம் யாரோ அதை நிறுத்தினார்கள்.
"பாதிக்குப் பாதிங்களா?
அதுக்கும் கம்மியான எடத்துலயே
பாதி நாமக்கல்லுக்கு நான் ராடு எறக்கியிருக்கறனுங்க."
மூச்சு மட்டும் கேட்டது.
"ஆனா அதெல்லாம் அடுத்தவன் காடுங்க, அம்மிணி."

செவ்வாய்க்கிழமை அடைத்தார்கள்.
ஆறு வாரம் கழித்து மறுபடம், இங்கே, புது மெஷினில்.
அதுவரை இருநூற்றுப் பதிமூன்றாம் வரிசையில்
கடைசிக் கட்டம் காலி.

நேற்று கோகிலவாணி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தாள்.
லாரிப் படியில் அப்பா, தோளில் துண்டு, இளைத்திருக்கிறார்.
"காய்ச்சல் விட்டுருச்சுங்க. ரெண்டு இட்லி.
டயர் மாத்தலைன்னு டிரைவரைக் கத்தறாரு."

பழக்கதோஷம்.
விரலால் அதையும் பெரிதாக்கினேன்.
அவர் முகத்தை அல்ல,
படத்தின் அடி ஓரத்தை.